உப்புத் தண்ணிக்கு எந்த பைப் நல்லது? பொம்மிடி வீடுகள் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது. டேங்க்கும் ரொம்புது. ஆனா ஷவர்ல தண்ணி நூல் மாதிரிதான் வருதுண்ணா."

தருமபுரி மாவட்டம் பொம்மிடி பக்கம் வீட்டு பிளம்பிங் வேலைக்குப் போகிற எவருக்கும் இந்தப் புகார் புதிதில்லை. போய்ப் பார்த்தால் பைப் உடைந்திருக்காது, மோட்டாரிலும் கோளாறு இருக்காது. ஷவரைக் கழற்றித் தட்டினால் சுண்ணாம்புத் தூள் கொட்டும். ஹீட்டரைத் திறந்தால் காயில் மேல் முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் படிவம். பழைய ஜி.ஐ. லைனாக இருந்தால், வெட்டிப் பார்த்த பைப்பின் நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சமிருக்கும்.

உடனே வரும் கேள்வி ஒன்றுதான்: "சரி, எந்த பைப் போட்டா இது வராது?" கடைக்காரர் ஒரு பதில் சொல்வார், பிளம்பர் ஒரு பதில் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் இன்னொன்று சொல்வார். நேர்மையான பதில் இதுதான்: எந்த பைப் போட்டாலும் தண்ணீர் மாறாது. முதலில் கேட்க வேண்டியது, "என் வீட்டுக்கு வருவது என்ன தண்ணீர், அது எங்கெல்லாம் போகிறது?" என்பதுதான். இதைக் கேட்காமல் பைப் மாற்றினால் காசு போகும். பொம்மிடி போன்ற ஊரில் காசோடு சேர்ந்து ஆரோக்கியமும் போகும். எப்படி என்று பார்ப்போம்.

அந்த வெள்ளைப் படிவம் எங்கிருந்து வருகிறது?

சேர்வராயன் மலைக்கு இந்தப் பக்கம், சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் இருக்கிறது பொம்மிடி. பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தைச் சேர்ந்த இந்தப் பகுதி முழுக்கக் கடினப் பாறை நிலம். இங்கே நிலத்தடி நீர் மணலில் தேங்குவதில்லை. பாறை வெடிப்புகளில்தான் தேங்கி நிற்கிறது. மழை குறையக் குறைய போர் ஆழம் கூடுகிறது. ஆழத்தில், பாறையோடு நீண்ட காலம் ஒட்டிக் கிடக்கும் தண்ணீரில் பொதுவாகத் தாதுக்கள் அதிகம் கரைந்திருக்கும். கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் கரைந்த தண்ணீரைக் 'கடின நீர்' என்கிறோம். ஊர் வழக்கில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: உப்புத் தண்ணி.

நாம் போடும் சாப்பாட்டு உப்பு சுடுதண்ணியில் நன்றாகக் கரையும். சுண்ணாம்பு நேர்மாறானது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை விட்டுவிட்டு, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். அதனால்தான் முதலில் மாட்டுவது ஹீட்டர், அடுத்தது வெந்நீர் லைன், பிறகு காற்றில் காய்ந்து காய்ந்து நனையும் ஷவர் துளைகளும் குழாய் வாய்களும்.

அளவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மைக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்கிறது அது. அந்த 600 மில்லிகிராம் தண்ணீரை ஒரு வீடு தினம் 500 லிட்டர் செலவழித்தால், ஒரு நாளைக்கு 300 கிராம் சுண்ணாம்புச் சத்து அந்த வீட்டு பைப் வழியாகப் போகிறது. ஒரு வருஷத்துக்குச் சுமார் 110 கிலோ. அதாவது, இரண்டு மூட்டை சிமெண்டுக்கு மேல் எடை! இதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். ஆனால் தங்குகிற சிறு பகுதியே போதும். 15 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள அரை இன்ச் பைப்பில் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் படிந்தால் விட்டம் 11 ஆகிவிடும். தண்ணீர் போகும் பரப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

அடைக்கிறது ஒன்று, அரிக்கிறது இன்னொன்று

கெட்ட தண்ணீர் என்றால் எல்லாம் ஒரே மாதிரி கெடுக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. தண்ணீர் இரண்டு விதமாக வேலை செய்யும்.

கடினத்தன்மையும் காரத்தன்மையும் கூடிய தண்ணீர் படியும், பைப்பை அடைக்கும். பி.எச். அளவு குறைந்து புளிப்புப் பக்கம் போன தண்ணீரும், குளோரைடு கூடிய தண்ணீரும் உலோகத்தை அரிக்கும். குளோரைடுக்கு ஐ.எஸ். 10500 சொல்லும் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம், அதிகபட்சம் 1,000. பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். ஒரே தண்ணீர் ஹீட்டரில் சுண்ணாம்பைப் படிய வைத்துக்கொண்டே, இன்னொரு பக்கம் இரும்பைத் தின்பதும் உண்டு.

இரண்டு உலோகங்கள் சேரும் இடம் இன்னும் பலவீனமானது. பித்தளைக் குழாயையும் ஜி.ஐ. நிப்பிளையும் நேரடியாக முறுக்கி வைத்தால், உப்புத் தண்ணி நடுவில் நின்று அதை ஒரு சின்ன பேட்டரி ஆக்கிவிடும். பித்தளை பிழைத்துக்கொள்ளும், ஜி.ஐ. கரையும். வீடு முழுக்க பிளாஸ்டிக் பைப் போட்டுவிட்டு, சுவருக்குள் குழாய் மாட்டும் இடத்தில் மட்டும் மலிவாக ஒரு ஜி.ஐ. நிப்பிள் வைத்த வீடுகளில் முதலில் ஈரம் கசிவது அந்த இடத்தில்தான். சில ரூபாய் மிச்சம் பிடித்த நிப்பிளுக்காக டைல்ஸை உடைக்க வேண்டி வரும்.

அப்போ எந்த பைப்தான் வாங்கறது?

ஜி.ஐ. பைப்: இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். உப்புத் தண்ணியில் அந்தப் பூச்சு சீக்கிரம் தீர்ந்துபோகும். அப்புறம் உள்ளே துரு கட்டி கட்டியாக எழும்பும். சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ள அதுவே பிடிமானம். அடியும் வெயிலும் படும் இடத்தில் ஜி.ஐ.க்கு இன்னும் வேலை உண்டு. ஆனால் போர் தண்ணீரை வீட்டுக்குள் சுவர் பொதிந்து கொண்டுபோக, இன்று அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை.

யு.பி.வி.சி.: துருப்பிடிக்காது, உப்பு எதுவும் செய்யாது, விலையும் கட்டுப்படி. உள்பக்கம் வழவழப்பு என்பதால் சுண்ணாம்பு ஒட்டுவதும் மெதுவாகத்தான். ஆனால் இது சாதாரணத் தண்ணீருக்கான பைப். சூடு ஏற ஏற அழுத்தம் தாங்கும் திறன் இறங்கும். ஹீட்டர் லைனுக்கு இதைப் போடவே கூடாது. மொட்டை மாடியில் வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்தால் முறுமுறுப்பாகி ஒருநாள் ஒடியும்.

சி.பி.வி.சி.: வெந்நீரும் போகலாம். உப்பையும் குளோரினையும் தாங்கும். இதற்கென்றே இருக்கும் பசையைப் போட வேண்டும். 'எல்லாத்துக்கும் ஒரே பசை' என்று பி.வி.சி. பசையைத் தடவினால் மூட்டு விட்டுப்போகும். இதையும் வெயிலில் அப்படியே விடக்கூடாது. வெளியே போகும் லைனுக்கு வெளிர் நிறத்தில் தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட் பூசலாம், அல்லது மூடி வைக்கலாம்.

பி.பி.ஆர்.: சூடாக்கி ஒட்டுவதால் மூட்டும் பைப்பும் ஒன்றாகிவிடும். வெந்நீருக்கும் ஏற்றது. ஆனால் ஒட்டத் தெரிந்த ஆளும் மிஷினும் வேண்டும். பின்னால் ஒரு சின்ன ரிப்பேருக்கும் அதே ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

எச்.டி.பி.இ.: போரிலிருந்து டேங்க் வரை, தெருவிலிருந்து வீடு வரை மண்ணுக்குள் போக நல்லது. வளையும், துருப்பிடிக்காது.

தாமிரம்: உப்பும் குளோரைடும் கூடிய போர் தண்ணீரில் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும் அபாயம் உண்டு, விலையும் எட்டாது. இங்கே தேவையில்லை.

எதை வாங்கினாலும் பைப்பின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். குடிநீருக்கான யு.பி.வி.சி. என்றால் ஐ.எஸ். 4985, சி.பி.வி.சி. என்றால் ஐ.எஸ். 15778, பி.பி.ஆர். என்றால் ஐ.எஸ். 15801, எச்.டி.பி.இ. என்றால் ஐ.எஸ். 4984. கழிவுநீருக்கான ஐ.எஸ். 13592 பைப்பை "இதுவும் பி.வி.சி.தானே" என்று குடிநீர் லைனுக்குப் போடுவது தவறு. பி.வி.சி. பைப் தயாரிப்பில் முன்பு ஈயக் கலவை சேர்ப்பது வழக்கம். அதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-ல் தனி விதிகளே கொண்டுவந்தது. முத்திரை இல்லாத பைப்பில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல நம் யாராலும் முடியாது.

இன்னொரு விஷயத்தையும் மறக்க வேண்டாம். பிளாஸ்டிக் பைப் அரிப்பைத் தடுக்கும். சுண்ணாம்பைத் தடுக்காது. பைப்பில் ஒட்டாத சுண்ணாம்பு நேராக ஹீட்டருக்கும் வாஷிங் மிஷினுக்கும் போகும்.

தண்ணீர் மாறினால் பழைய பைப் என்ன ஆகும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தண்ணீர்க் கதையில் பெரிய திருப்பம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் நிதியுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாயில் போடப்பட்ட திட்டம். 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் முழுப் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் பாதிப்பைத் தணிக்கும் திட்டம்' என்றும் இருக்கிறது. காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்ததற்குத் தாகம் மட்டும் காரணம் அல்ல. இந்த இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அளவு மீறி இருப்பதும் ஒரு காரணம்.

இப்படிப் புதிய தண்ணீர் பழைய பைப்புக்குள் வரும்போது ஒரு மாற்றம் நடக்கும். உள்ளே படிந்திருக்கும் சுண்ணாம்பும் துருவும் பழைய தண்ணீரோடு ஒத்துப்போய் உட்கார்ந்தவை. தண்ணீரின் தன்மை மாறினால் அவை பெயர்ந்து வரலாம். பழைய ஜி.ஐ. லைனில் திடீரென்று செந்நிறத் தண்ணீர் வந்தால், "காவிரித் தண்ணியே கலங்கல்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தெருக் குழாயில் தெளிவாகவும் வீட்டுக் குழாயில் சிவப்பாகவும் வந்தால், குற்றவாளி வீட்டு பைப்தான்.

இதை அலட்சியம் செய்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரம் சாட்சி. செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் அந்த நகரம், டெட்ராய்ட் தண்ணீரை விட்டுவிட்டு ஃப்ளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. புதிய தண்ணீர் அரிக்கும் தன்மை கொண்டது. அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய ஈய பைப்புகளிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் ரத்தம் வரை போனது. அதே வருஷம் அக்டோபரில் அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, இந்தத் தண்ணீர் இன்ஜின் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிவிட்டது. மக்கள் அதன் பிறகும் ஒரு வருஷம் அதே தண்ணீரைக் குடிக்க வேண்டியிருந்தது. 2015 அக்டோபரில்தான் நகரம் பழைய தண்ணீருக்குத் திரும்பியது. நம் வீடுகளில் ஈய பைப் கிடையாது. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: தண்ணீரையும் பைப்பையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

பைப்புக்குத் தெரியாத ஆபத்து

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். உப்பு அதிகமானால் நாக்கு சொல்லும். சுண்ணாம்பை ஹீட்டர் காட்டிக்கொடுக்கும். இரும்பு வேட்டியில் கறையாகத் தெரியும். ஃப்ளோரைடு மட்டும் எதையும் காட்டாது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. பைப்பில் படியாது, குழாயை அரிக்காது. ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியில்லாவிட்டால் 1.5. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையாகத் தெரியும். அளவு இன்னும் கூடினால் எலும்பும் மூட்டும் இறுகும். வந்த பாதிப்பைத் திருப்ப முடியாது.

"நாங்கதான் காய்ச்சிக் குடிக்கிறோமே" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. ஆவி போனபின் மிச்சமிருக்கும் தண்ணீரில் அதன் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். "சாஃப்ட்னர் வெச்சிருக்கோம்" என்பார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும் கருவி. ஹீட்டருக்கு நல்லது, ஃப்ளோரைடை அது தொடவே தொடாது.

சரி, காவிரித் தண்ணீர்தான் வருகிறதே? வருகிறது. ஆனால் பல வீடுகளில் அது எங்கே போகிறது என்று பாருங்கள். தெருக் குழாய்த் தண்ணீர் தரைத்தொட்டிக்குப் போகும். போர் தண்ணீரும் அதே தொட்டிக்கு, இல்லாவிட்டால் அதே மாடி டேங்க்குக்கு. ஒரே டேங்க், ஒரே லைன். சமையலறைக் குழாயிலும் கழிப்பறையிலும் வருவது ஒரே கலவை. "ரெண்டும் கலந்தா உப்பு குறையும்ல?" என்று நல்லெண்ணத்தில் செய்கிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு போர் தண்ணீரில் ஃப்ளோரைடு 3 மில்லிகிராம், குழாய்த் தண்ணீரில் 0.4 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.7. அதிகபட்ச வரம்பைத் தாண்டிவிட்டது. இத்தனை கோடி செலவில், மலை தாண்டி வந்த தண்ணீரின் பலன், நம் வீட்டு மாடியில் கடைசிப் பத்தடியில் வீணாகிறது. இதை எந்த விலை உயர்ந்த பைப்பும் சரிசெய்யாது. இரண்டு லைன் மட்டும்தான் சரிசெய்யும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. முதலில் டெஸ்ட். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். பி.எச்., மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, கரைந்த திடப்பொருள்கள், ஃப்ளோரைடு ஆகிய ஆறையும் கேளுங்கள். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் கரைந்த மொத்த அளவைத்தான் சொல்லும். அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. போரை ஆழப்படுத்தினால் மறுபடியும் டெஸ்ட் செய்யுங்கள்.

2. இரண்டு தண்ணீருக்கு இரண்டு லைன். புது வீடு கட்டுபவர்கள் இதை பிளானிலேயே சேர்த்துவிடுங்கள். குழாய்த் தண்ணீருக்கு என்று 200, 300 லிட்டர் சின்ன டேங்க், அதிலிருந்து சமையலறைக்கு ஒரே ஒரு தனி பைப். பழைய வீடு என்றால் சுவர் ஓரமாக வெளியே ஒரு லைன் இழுத்தாலும் போதும். வீடு முழுக்க பைப் மாற்றும் செலவில் இது சிறு பகுதிதான்.

3. இரண்டையும் வால்வ் வைத்துக்கூட இணைக்க வேண்டாம். வால்வ் ஒருநாள் பழுதாகும். அப்போது போர் தண்ணீர் தெரு லைனுக்குள் போகும். தெரு லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் வேண்டாம். அது சட்டவிரோதம். விரிசல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும்.

4. ஹீட்டரின் சூட்டைக் குறைத்து வையுங்கள். 60 டிகிரிக்கு மேல் வைத்தால் சுண்ணாம்பு வேகமாகப் படியும். வருஷம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள்.

5. ஷவருக்கு வினிகர் அல்லது எலுமிச்சை போதும். ராத்திரி ஊறவைத்துக் காலையில் தேய்த்தால் வந்துவிடும். கடை ஆசிட் பித்தளையையும் ஜி.ஐ.யையும் சேர்த்துத் தின்னும். அதை பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும்.

6. சாஃப்ட்னர் போட்டால் குளியலறை, ஹீட்டர், வாஷிங் மிஷினுக்கு மட்டும் போடுங்கள். குடிக்க அல்ல. அது கழுவி விடும் உப்புநீரைத் தென்னைக்கும் செடிக்கும் விடாதீர்கள்.

இது வீட்டுக்காரர் வேலை மட்டும்தானா?

இல்லை. தன் தெருக் குழாயில் வருவது காவிரியா, உள்ளூர் போரா, இரண்டும் கலந்ததா என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். ஊராட்சியும் பேரூராட்சியும் ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் மேலும், கடைசியாகப் பரிசோதித்த தேதியையும் ஃப்ளோரைடு, கடினத்தன்மை அளவுகளையும் தமிழில் எழுதி வைக்கலாம். பெரிய செலவில்லை, ஒரு பெயிண்ட் டப்பா போதும். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, இந்த மாவட்டத்தில் குடிநீர் லைனைத் தனியாகக் காட்டச் சொல்லலாம். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நாம். இது அதைவிடச் சின்ன வேலை.

அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. அடுத்த முறை பிளம்பர் வீட்டுக்கு வரும்போது, "நல்ல பைப்பா போடுங்க" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "சமையக்கட்டுக் குழாய்க்கு மட்டும் குழாய்த் தண்ணி தனியா வர்ற மாதிரி பண்ணுங்க" என்று சொல்லுங்கள். ஹீட்டர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளின் பல்லும் எலும்பும் அப்படி இல்லை.